கதவுக்காரரின் மீசை

ஊர் கூடித் தேர் இழுத்த கதை கேட்டிருப்பீர்கள். இது ஊர் கூடி ஒரு மனிதருக்கு மீசை வளர்த்த கதை. அதற்கென்று தனியாக ஓர் ஆணையம், ஆணையத்துக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு கார், காருக்கு ஒரு கொடி எல்லாம் இருந்தன. மீசை மட்டும்தான் இல்லை.

மீசை இல்லாதவர் ஒரு சினிமா தியேட்டரில் கதவுக்காரர். டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விடுவது, இடைவேளையில் கதவைத் திறப்பது, படம் முடிந்த பிறகும் குறட்டை விடுகிறவர்களைத் தட்டி எழுப்புவது, இவைதான் அவர் வேலை. சின்ன வயதில் அடுப்பிலிருந்த வெந்நீர்ப் பாத்திரத்தை எட்டி இழுத்ததில் மேலுதடு வெந்து, மூக்குக்குக் கீழே தோல் இழுத்துக்கொண்டு பளபளவென்று ஆகிவிட்டது. அதன் பிறகு அங்கே பேருக்கு ஒரு முடிகூட முளைத்ததில்லை. தியேட்டரில் எல்லாரும் அவரை 'மொழுமொழு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்று மத்தியானக் காட்சி. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் மேலே ஏதோ வயர் புகைந்து, விளக்கு அணைந்து, யாரோ "தீ" என்று கத்தினார்கள். இருந்த கூட்டமெல்லாம் பக்கவாட்டுக் கதவுக்கு ஓடியது. அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு. முன்னால் நின்றவர்கள் கதவைத் தள்ளினார்கள், பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களைத் தள்ளினார்கள். தள்ளத் தள்ளக் கதவு இறுகிக்கொண்டது. கதவுக்காரர் கூட்டத்துக்குள் புகுந்து, "பின்னால போங்க, பின்னால போங்க, இழுத்தாத்தான் திறக்கும்" என்று தொண்டை கிழியக் கத்தி, கைப்பிடியைப் பற்றி, தோள் கழன்றுவிடுமோ என்னும்படி இழுத்து, ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்தார். எல்லாரும் அந்த இடைவெளி வழியாகத்தான் பிழைத்து வந்தார்கள். ஒருவன் மட்டும் வரவில்லை. கூட்டத்தின் காலடியில் கிடந்தான். அவன் கதவுக்காரரின் மச்சினன், மனைவிக்கு ஒரே தம்பி. "வீட்டுல சும்மா உக்காந்து என்ன பண்றே, வந்து படம் பாரு" என்று காலையில் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்ததே இவர்தான்.

ஒரு மனிதனை உருக்குலைக்க அந்தத் துக்கமே போதும். விதி விட்டாலும் ஊர் விடவில்லை.

வெளியே வந்தவர்கள் எதிர்ச்சாரி டீக்கடையில் நின்று மூச்சு வாங்கினார்கள். "கதவு திறக்கலையே" என்றார் ஒருவர். "தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு போல" என்றார் இன்னொருவர். டீ ஆறுவதற்குள் அந்தப் 'போல' எங்கேயோ உதிர்ந்துவிட்டது. "யாரு போட்டது?" "சிவப்புக் கோட்டு போட்ட கதவுக்காரன்தான், வேற யாரு?" அவர்களுக்கு நேர் எதிரே, தியேட்டர் வாசலில், சிவப்புக் கோட்டும் முறுக்கு மீசையுமாக, வருக வருக என்று கையை நீட்டிக்கொண்டு வரைந்து நிறுத்திய ஆளுயரப் பலகை மனிதன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். "ஆமா, பெரிய மீச" என்றார் மூன்றாமவர். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் நெஞ்சறிய நம்பித்தான் சொன்னார்கள்.

பொய் சொல்லியிருந்தால் போலீஸ் பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாரும் நம்பிச் சொன்னதால் விஷயம் கூட்டு நினைவு ஆணையத்துக்குப் போனது.

ஆணையத்தின் வாசலில் 'பலர் கண்டதே உண்மை' என்று பித்தளை எழுத்தில் பதித்திருந்தார்கள். முந்தைய காலத்தில் ஒரு சம்பவத்தைப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லி நீதிமன்றங்களுக்குத் தலைவலி கொடுத்துவந்தார்களாம். அந்தத் தலைவலிக்கு மருந்தாகத்தான் ஆணையம் பிறந்தது. அது வந்த பிறகு ஊரில் எந்தச் சம்பவமும் ஒன்றுக்கு மேற்பட்ட விதத்தில் நடப்பதில்லை.

கதவுக்காரர் முதலில் நினைவு அலுவலர் முன்னால் உட்கார்ந்தார். நாற்காலி ஒரு காலில் ஆடியது.

"மீச எங்க?" என்றார் அலுவலர்.

"இல்லைங்க."

"இல்லங்கறது எனக்கே தெரியுது. எங்கன்னு கேட்டேன்."

"எனக்கு மொளச்சதே இல்லைங்க சார். இதப் பாருங்க, சின்ன வயசுல சுட்ட தழும்பு."

அலுவலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுந்து வந்து, அவர் மோவாயைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவாயில்லையே, சுத்தமா எடுத்திருக்கீங்க" என்று மனம் விட்டுப் பாராட்டிவிட்டு, 'தடயத்தை வேரோடு அழித்துள்ளார்' என்று எழுதிக்கொண்டார்.

டாக்டரிடம் கேட்கலாமே என்று கெஞ்சினார் கதவுக்காரர். டாக்டர் ஒரே ஆள், சாட்சிகள் தியேட்டர் நிறைய என்று பதில் வந்தது. அடுத்த முறை கல்யாணப் போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினார். அதில் மாலையும் கழுத்துமாக, மழமழவென்ற உதட்டோடு, பயந்த சிரிப்புச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"கேமராவுக்கு ஒரு கண்ணுதாங்க" என்றார் அலுவலர் பொறுமையாக. "எங்க சாட்சிகளுக்கு ஆளுக்கு ரெண்டு."

"சார், என்னைத் தியேட்டர்ல மொழுமொழுன்னுதான் கூப்பிடுவாங்க. விசாரிச்சுப் பாருங்க."

"குள்ளமா இருக்கறவன நெட்டையான்னு கூப்பிடறதில்ல? அந்த மாதிரி கேலி. அப்ப எவ்வளவு பெரிய மீசையா இருந்திருக்கணும்!" இதையும் எழுதிக்கொண்டார்.

இதற்குப் பிறகு அவரை ஒத்திசைவு அறைக்குக் கூட்டிப்போனார்கள். சாட்சிகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கே யாரும் தனியாகச் சாட்சி சொல்லக்கூடாது. ஒருவர் சொன்னதைப் பக்கத்தில் இருப்பவர் திருப்பிச் சொல்லி, தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்து, அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். சுற்று முடியும்போது எல்லாருக்கும் ஒரே நினைவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சுற்று.

தொடங்குமுன் தலைவர் வந்து உரையாற்றினார். வெள்ளைச் சட்டை, சந்தனம் பூசியது போன்ற குரல்.

"நண்பர்களே, மனித மனசு ஓட்டப் பாத்திரம். இது அறிவியல். ஒருத்தர் பாத்ததுல பாதிதான் உள்ள தங்கும். மிச்சத்த அவரே நெரப்பிக்குவாரு. பக்கத்துல கேட்டது, செவுத்துல பாத்தது, இப்படித்தான் இருந்திருக்கணும்னு தோணினது, எல்லாத்தையும் போட்டு அடைப்பாரு. தப்புன்னு சொல்லல, அது இயற்கை. ஆனா ஆளாளுக்கு ஒரு மாதிரி அடைச்சா நாடு என்னாகறது? அதனாலதான் ஆணையம் எல்லாரோட ஓட்டையையும் ஒரே மண்ணப் போட்டு அடைக்குது. இதுக்காக வெளிநாட்டுல எனக்குப் பொன்னாடை போத்தினாங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். கதவுக்காரரும் பயத்தில் தட்டிவிட்டார்.

சுற்று தொடங்கியது. முதல் ஆள் மீசை என்றார். இரண்டாமவர் கறுப்பு மீசை என்றார். கறுத்து முறுக்கின மீசை, எண்ணெய் போட்டு முறுக்கின மீசை என்று அது கை மாறக் கை மாறக் கொழுத்தது. தியேட்டரில் பாப்கார்ன் விற்பவர் முறை வந்தது. கதவுக்காரரோடு பல வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவர். கதவுக்காரர் அவரை நம்பிக்கையோடு பார்த்தார்.

"டேய் மொழுமொழு, கோவிச்சுக்காதடா" என்றார் பாப்கார்ன்காரர், கண்ணில் தண்ணீரோடு. "உன் மீசைய நான் என் கண்ணால பாத்தேன்டா."

கடைசியாக ஒரு தையல்காரம்மா. "எனக்கு மீசையும் தெரியல, ஒண்ணும் தெரியல. ஒரே இருட்டு" என்றாள். "யாரோ 'பின்னால போங்க, பின்னால போங்க'ன்னு கத்தினாரு. அந்தக் கொரலு மட்டும் காதுல நிக்குது. அந்தக் கொரலு இல்லேன்னா நான் இன்னிக்கு இல்ல."

கதவுக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "அம்மா, அது நான்தாம்மா" என்று எழுந்தே விட்டார். அவரை உட்கார வைத்தார்கள். தையல்காரம்மாவை 'மறதிப் பிரிவு' என்று பலகை மாட்டிய அறைக்கு மரியாதையாக அழைத்துப் போனார்கள். அங்கே மெத்தை நாற்காலி, மின்விசிறி, டீ. யாரும் மிரட்டவில்லை. ஒரு பெண் அலுவலர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா அக்கா என்று அன்பொழுகக் கேட்டாளாம்: மீசைக்காரர் கத்தும்போது அவர் கை தாழ்ப்பாள் மேலே இருந்ததா, கீழே இருந்ததா? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த தையல்காரம்மா கதவுக்காரரைப் பார்த்து நடுங்கினாள். "பின்னால போங்கன்னு கத்தினது இவருதான். தாழ்ப்பாளப் போட்டுட்டு, யாரும் கதவுகிட்ட வரக்கூடாதுன்னு கத்தினாரு. படுபாவி" என்று விம்மி விம்மி அழுதாள். அது நடிப்பில்லை. அவளுக்கு அந்தக் காட்சி நிஜமாகவே தெரிந்தது.

அவரிடம் இருந்த ஒரே உண்மையும் அத்தோடு எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது.

மூழ்குகிறவன் துரும்பைப் பிடிப்பது போல அவர் பலகை மனிதனைப் பிடித்தார். "ஐயா, வாசல்ல நிக்கற பொம்மையத்தான் எல்லாரும் என்னைன்னு நெனச்சுக்கறாங்க. ஒரு தடவ வந்து பாருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று தலைவரின் காரை மறித்துக் கும்பிட்டார். தலைவர் நியாயமானவர். கொடி கட்டிய காரில் அப்போதே கிளம்பி வந்து, பலகை மனிதன் முன்னால் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"தத்ரூபமா வரைஞ்சிருக்கான்" என்றார். "உங்களத்தான பாத்து வரைஞ்சான்?"

"இல்லைங்க. நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே இது இருக்குங்க."

"அப்படியா! பாக்காமலேயே வரையற அளவுக்கா உங்க மீச பேரு வாங்கியிருக்கு?"

கூட வந்தவர்கள் வியந்து தலையாட்டினார்கள். பலகை மனிதனைக் கழற்றி வண்டியில் ஏற்றி, அரசுத் தரப்பில் அவனையும் ஒரு சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

வந்ததோடு கதவையும் பார்த்தார்கள். கதவில் தாழ்ப்பாள் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, ஆணி அடித்த தடம்கூடக் கிடையாது. கதவுக்காரர் அதைத் தொட்டுத் தடவிக் காட்டினார். இனிமேலாவது ஒத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்து நின்றார். அலுவலர்கள் ஒதுங்கிப்போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். இத்தனை பேர் பார்த்த தாழ்ப்பாள் இல்லாமலிருப்பது கட்டடத்தின் குறைபாடு என்று முடிவாகி, தச்சரை வரவழைத்து, நல்ல கனமான இரும்புத் தாழ்ப்பாளாகப் பார்த்துப் பொருத்தினார்கள். பழையதாகத் தெரிவதற்காகக் கொஞ்சம் உப்புத் தண்ணீர் தெளித்துத் துருவேற்றினார்கள். சாட்சிகளைக் கூட்டிவந்து காட்டியபோது, "இதேதான்" என்று தாழ்ப்பாளைப் பார்த்து இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்.

சாட்சிகள் ஆளை அடையாளம் காட்டும் அணிவகுப்பில் அவருக்குப் பசை தடவி ஒட்டுமீசை வைத்தார்கள். வரிசையில் நின்ற மற்றவர்களுக்கு வைக்கவில்லை. "அவங்களுக்கு ஏன் வைக்கணும்? அவங்களுக்குத்தான் மீச இல்லையே" என்றார் அலுவலர். சாட்சிகள் ஒருவர் பாக்கியில்லாமல் கதவுக்காரரைக் கைகாட்டினார்கள். பசை தழும்பில் பட்டுத் தீயாக எரிந்தது. கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று வீம்பு பேசுவார்களே, அவர் நிலைமை தலைகீழ். மண்ணெல்லாம் ஒட்டிவிட்டது, மீசைதான் அவருடையதில்லை.

இத்தனைக்கும் அவர் தாங்கிக்கொண்டிருந்தது மனைவியை நம்பித்தான். அவள் தம்பியைப் பறிகொடுத்தவள். அந்தக் கதவில்தான் அவன் போனான். ஊரே கூடி உன் புருஷன்தான் தாழ்ப்பாள் போட்டான் என்று சொல்லும்போது ஒருத்தி என்ன நினைப்பாள்? அவளோ ஒவ்வொரு நாளும் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, "யாரு என்ன வேணா சொல்லட்டும். உங்க மூஞ்சிய எனக்குத் தெரியாதா?" என்பாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் தூங்கினார்.

ஆணையம் அவளையும் கூப்பிட்டது. உறவுச் சாட்சிகளுக்குத் தனி அறையாம். அவள் போனாள். முதல் தடவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவள், அப்புறம் தானாகவே கிளம்ப ஆரம்பித்தாள். காரணம் இதுதான். வீட்டில் தம்பியைப் பற்றிப் பேச முடியாது. அவன் பேரை எடுத்தாலே கதவுக்காரர் எழுந்து வெளியே போய்விடுவார், அவருக்குத் தாங்காது. அங்கேயோ ஒரு பெண் அலுவலர் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பியப் பத்திச் சொல்லுங்கக்கா, மாமாகிட்ட எப்படி இருப்பான்? மடியில ஏறி வெளையாடுவானா? மீசையப் பிடிச்சு இழுப்பானா?" என்று மணிக்கணக்காகக் கேட்டாள். துக்கத்தைக் கேட்க ஆள் கிடைத்தால் யார்தான் போகமாட்டார்கள்?

ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்தாள். அவன் போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

"என்ன?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. தம்பி சின்னதுல உங்க மடியில ஏறிக்கிட்டு மீசையப் பிடிச்சு இழுப்பானே, ஞாபகம் இருக்கா? நீங்க வலிக்கிற மாதிரி ஆ ஊன்னு நடிப்பீங்க. அவன் உருண்டு உருண்டு சிரிப்பான்."

பையன் மடியில் ஏறியது நிஜம். அவன் தொட்டது அந்தத் தழும்பை. "மாமா, இங்க கண்ணாடி இருக்கு, என் மூஞ்சி தெரியுது" என்று சொல்லி, மூக்கருகே வந்து உற்று உற்றுப் பார்ப்பான். அவன் மூச்சில் மிட்டாய் வாசனை அடிக்கும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவள் மடித்த சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, தம்பியைக் கண்ணெதிரே பார்ப்பது போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பிலிருந்து மீசையை மட்டும் எப்படிப் பிய்த்து எடுப்பது? சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார்.

இறுதி விசாரணையன்று அவள் தானாகவே எழுந்து நின்றாள். கணவனைக் காப்பாற்றத்தான் எழுந்தாள்.

"ஐயா, இவரு தாழ்ப்பாள் போடற ஆளில்லைங்க. என் தம்பி மேல உசுரையே வெச்சிருந்தாரு. அவன் இவரு மீசையப் பிடிச்சு இழுத்தாக்கூடக் கோவிச்சுக்க மாட்டாரு. அப்பேர்ப்பட்டவரு எப்படிங்க அவன் இருக்கும்போது கதவச் சாத்துவாரு?"

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உருக்கமான சாட்சி" என்றார். "ஆனா அம்மா, ஆணையம் நினைவச் சில்லறையா வாங்கறதில்ல, மொத்தமாத்தான் வாங்கும். மீச இருந்ததுன்னா தாழ்ப்பாளும் இருந்தது. தாழ்ப்பாள் இல்லன்னா மீசையும் இல்ல, உங்க தம்பி இழுத்ததும் இல்ல." கதவுக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இவங்க சொல்றது நெசமா?"

'இல்லை' என்று ஒரே வார்த்தை. சொன்னால் தப்பிக்கலாமோ என்னவோ, சொல்லிப் பார்த்திருக்கலாம். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் இன்னும் அந்தச் சாயங்காலத்துச் சிரிப்பின் மிச்சம் இருந்தது. அவள் தம்பி அங்கேதான் இருந்தான், ஒரு மீசையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு. 'இல்லை' என்றால் அவன் கை நழுவி இரண்டாம் தடவையும் கீழே விழுவான்.

"நெசந்தாங்க" என்றார். "பயங்கரமா இழுப்பான்."

தீர்ப்பில் தலைவர் சொன்னார்: "ஆணையம் யாரையும் தண்டிப்பதில்லை. ஊர் நினைக்கிறது, நாங்கள் வழிமொழிகிறோம்." எல்லாரும் எழுந்து நின்றார்கள். தாழ்ப்பாளை வெல்வெட் துணியில் சுற்றி உள்ளே எடுத்துப் போனார்கள்.

சிறையில் முதல் நாளே முடி வெட்டி மீசை எடுப்பது விதி. சவரக்காரர் கதவுக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு வார்டரைப் பார்த்தார். "இங்க என்னத்தங்க எடுக்கறது?"

"பைல்ல மீச இருக்குன்னு போட்டிருக்கு. எடுக்கலன்னா கணக்கு ஒதைக்கும். எடு."

சவரக்காரர் சோப்பைக் குழைத்துப் பூசி, வெறும் தழும்பின் மேல் கத்தியை இழுத்தார். மெல்லிய தோல், கிழிந்து ரத்தம் வந்தது. வார்டர் 'மீசை எடுக்கப்பட்டது' என்று எழுதினார்.

பார்க்க வரும் நாளில் மனைவி வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க."

"மூஞ்சியே மாறிப்போச்சுங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போகட்டும் விடுங்க. வளந்துடும்."

அவர் தலையாட்டினார். அவள் கம்பியில் இருந்த துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க."

"சொல்லு."

"தாழ்ப்பாள நீங்க வேணும்னு போட்டிருக்க மாட்டீங்க. தெனமும் கதவோடயே கெடக்கறவரு, பழக்கத்துல கை போயிருக்கும். எனக்குத் தெரியாதா உங்கள? நான் மன்னிச்சுட்டேங்க. தம்பியும் மன்னிச்சிருப்பான்."

பின்னால போ, பின்னால போ, இழுத்தாத்தான் திறக்கும் என்று அன்று போலக் கத்த வேண்டும் போலிருந்தது அவருக்கு. கத்தி என்ன செய்ய? அவள் தள்ளிக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் ஊரே நின்று தள்ளிக்கொண்டிருந்தது.

அவள் கம்பி இடுக்கில் விரலை நுழைத்து, அவர் உதட்டுக்கு மேலே காய்ந்திருந்த காயத்தை மெல்லத் தொட்டாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"இல்ல" என்றார் கதவுக்காரர். "தம்பி இழுத்த அளவுக்கு இல்ல."